ஊழியப் பயணம் பாதி வழியில் நின்றுபோனால் என்ன செய்வது?

மாதக்கணக்கில் சபையாக ஜெபித்து, காணிக்கை எடுத்து, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பாட்டுகளுக்கு ஆக்‌ஷன் பழகி, ஊழியத்துக்குப் போகிற பணித்தளத்துப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கி மூட்டை கட்டி முடித்த பிறகு, ரயில் ரத்து என்று போனில் செய்தி வரும். அல்லது ரயில் நல்லபடியாகவே கிளம்பும், விசாகப்பட்டினத்தை நெருங்கும்போது ஒடிசா பக்கம் புயல் என்று ஏதோ ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து இறங்க வேண்டி வரலாம், போகிற மாவட்டத்தில் கலவரம் என்று பணித்தளத்திலிருந்தே வராதீர்கள் என்று சொல்லலாம். தமிழ்நாட்டிலிருந்து ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், குஜராத் என்று ஒரு வாரம் பத்து நாள் ஊழியப் பயணம் போகிற சின்னச் சின்ன சபைக் குழுக்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இப்படி நின்றுபோன குழுக்களோடு நான் இருந்திருக்கிறேன், அவர்களை வழியனுப்பிவிட்டு ஊரிலிருந்து போனில் பேசியும் இருக்கிறேன். அந்த நேரத்தில் விசுவாசம் என்பது பெரிய வார்த்தையாக இருக்காது, அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதாகத்தான் இருக்கும்.

முதல் போன் யாருக்கு

வீட்டுக்கு இல்லை, பாஸ்டருக்கும் இல்லை. உங்களுக்காகக் காத்திருக்கிற பணித்தள ஊழியருக்கு. ஏனென்றால் நீங்கள் வருவதாகச் சொன்ன தேதியை நம்பி அவர் கடையில் கடன் சொல்லி அரிசியும் பருப்பும் வாங்கி வைத்திருப்பார், பக்கத்து கிராமத்து ஆட்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரச் சம்மதித்திருப்பார்கள், யாரோ ஒரு அம்மா பத்துப் பேர் படுக்கத் தன் வீட்டுத் திண்ணையை மெழுகி வைத்திருப்பார். ஜார்கண்டில் சாகிப்கஞ்ச், பாக்கூர் பக்கம் ராஜ்மஹால் மலைகளில் மால்டோ பழங்குடி மக்கள் இருக்கிற ஊர்களில் நினைத்த நேரத்தில் போன் கிடைக்காது, அதனால் அழைத்துப் பார்த்துவிட்டு சாதாரண எஸ்.எம்.எஸ். ஒன்றும் அனுப்பிவிடுங்கள், சிக்னல் உள்ள மேட்டுக்கு அவர் வரும்போது அது போய்ச் சேரும். வாட்ஸ்அப் குரல் பதிவை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அந்தப் போனில் இரண்டு விஷயம் கேளுங்கள்: எங்களுக்காக இதுவரை எவ்வளவு செலவாயிற்று, நாங்கள் வராமல் போனால் உங்களுக்கு என்ன சிக்கல்? முதல் கேள்விக்குக் கூச்சத்தில், ஒன்றும் இல்லை அண்ணா என்றுதான் சொல்வார். விடாதீர்கள். தொகையைக் கேட்டு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நம் பயணம் நின்றால் நமக்கு வருத்தம், அவருக்கு அது கடைக்காரரிடம் வாக்குத் தவறிய கணக்கு.

அடுத்தது சாப்பாடு. இதைச் சொல்வதற்கு ஒரு வழிகாட்டி தேவையா என்று தோன்றும், ஆனால் அப்போஸ்தலர் 27-ஐத் திறந்து பாருங்கள். பவுல் இருந்த கப்பலில் 276 பேர், புயலில் பதினாலு நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தேவதூதன் வந்து பேசியதையும் அவர் அந்தக் கப்பலில் சொன்னார், ஆனால் கரை தெரிவதற்கு முந்தின அந்த விடியற்காலையில் அவர் சொன்னது சாப்பிடுங்கள் என்பதுதான். தானே அப்பத்தை எடுத்து, எல்லார் முன்னும் ஸ்தோத்திரம் பண்ணி, பிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார், அதைப் பார்த்து மற்றவர்களும் தைரியம் வந்து சாப்பிட்டார்கள். குழு பிளாட்பாரத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலைவர் செய்ய வேண்டியது இதுதான். இட்லியோ வடாபாவோ ரொட்டியோ, கிடைத்ததை வாங்கி, ஜெபித்து, பகிர்ந்து கொடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் குழுவில் யார் என்று பார்த்து அவர்கள் கையில் மாத்திரை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள், பயணம் நீளும்போது முதலில் தீர்வது அதுதான்.

அப்புறம் டிக்கெட். இதை ஜெபத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், பணம் சபை மக்கள் கொடுத்தது. ரயிலே ரத்தானால் ஐஆர்சிடிசி மின் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகவே பதிவு செய்தவர் கணக்குக்குத் திரும்பிவிடும், கவுண்டரில் வாங்கிய டிக்கெட் என்றால் கவுண்டருக்குப் போக வேண்டும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணமே போகாமல் விட்டால், உங்கள் ஸ்டேஷனிலிருந்து அந்த ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கிற மனு) போட்டால் முழுப் பணமும் கேட்க முடியும். கிளம்பிய பிறகு போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். சந்தேகத்துக்கு 139-ஐக் கூப்பிடுங்கள். ஒரு மின் டிக்கெட்டில் 6 பேர்தான் என்பதால் பெரிய குழு பல பிஎன்ஆர்களில் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றும் யார் கணக்கில் போட்டது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு, ரத்து செய்தது விமான நிறுவனம் என்றால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்க உரிமை உண்டு, காரணம் மழை வெள்ளமாக இருந்தாலும். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையமே வெள்ளத்தில் மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

இது யார் செய்த வேலை?

சாப்பிட்டு முடித்ததும் இந்தக் கேள்வி வரும். ஒருவர் இது சத்துருவின் தடை, எதிர்த்து ஜெபிப்போம் என்பார். இன்னொருவர் ஆரம்பத்திலேயே எனக்குச் சமாதானம் இல்லை, இது தேவசித்தம் இல்லை போல என்பார். மூன்றாவது ஆள் ஒன்றும் பேசாமல் மனதுக்குள் யாருடைய பாவத்தால் இப்படி ஆனது என்று தேடிக்கொண்டிருப்பார், அது பெரும்பாலும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியும் இருப்பார். குழுக்கள் உடைவது ரயில் நிற்பதால் இல்லை, இந்தப் பேச்சால்தான்.

என் உறுதியான எண்ணம், அன்றைக்கு ராத்திரி இதற்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பவுலையே பாருங்கள், பயணம் தடைபட்டது அவருக்குப் பல தடவை நடந்திருக்கிறது, ஆனால் காரணம் ஒவ்வொரு தடவையும் வேறு. அப்போஸ்தலர் 16-ல் ஆசியாவிலும் பித்தினியாவிலும் போகவிடாமல் தடுத்தது ஆவியானவர். 1 தெசலோனிக்கேயர் 2:18-ல் சாத்தான் தடுத்தான் என்கிறார். ரோமர் 15-ல் ரோமாபுரிக்கு வர முடியாமல் போனதற்குக் காரணம், கிறிஸ்துவின் பெயரே கேள்விப்படாத இடங்களில் வேலை இருந்துகொண்டே இருந்தது. அப்போஸ்தலர் 27-ல் என்ன நடந்தது? மழைக்காலம் நெருங்கிவிட்டது, இப்போது போனால் சேதம் வரும் என்று பவுல் சொன்னார், ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியோ மாலுமியும் கப்பல்காரனும் சொன்னதைக் கேட்டுக் கிளம்பினான். தவறான முடிவு, மோசமான காற்று. ஒரே மனிதர், ஒரே ஊழியம், இத்தனை விதமான காரணங்கள். நடுக்கடலில் இருக்கும்போது அவர் இதற்கு விளக்கம் தேடி உட்கார்ந்ததாக எங்கேயும் எழுதவில்லை.

ஆகவே குழுத் தலைவர் சொல்லட்டும்: காரணத்தைப் பற்றி ஊருக்குப் போன பிறகு பேசுவோம், இன்றைக்கு நமக்குத் தெரிந்தது ரயில் வரவில்லை என்பது மட்டும். வானிலை ஆய்வு மையம் இரண்டு நாளைக்கு முன்பே எச்சரித்திருந்தால் அதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலில் புயல் வருவதும் டிசம்பர், ஜனவரியில் வட இந்தியாவில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவதும் ஒவ்வொரு வருஷமும் நடப்பது. அந்த மாதங்களில் பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நாளைக் காலியாக விட்டுத் திட்டம் போடுவது அவிசுவாசம் ஆகாது.

ஜெபிக்கும்போது மட்டும் மனதில் இருப்பதை மறைக்காதீர்கள். எதுவரைக்கும் கர்த்தாவே என்று கேட்கிற 13-ம் சங்கீதம் வேதத்தில்தான் இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது, கோபமாக இருக்கிறது, பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை என்று சத்தமாகச் சொல்லி ஜெபிக்கிற குழுவில், அரைமணி நேரத்தில் மூச்சு சீராகிவிடும். எல்லாம் நன்மைக்கே என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லி வாயை அடைத்துவிட்டால், அந்த வருத்தம் வேறு வழியில், சண்டையாக வெளியே வரும்.

நிற்கிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது ஒன்றுதான் என்றால் அது இது. விளக்கத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கிற ஆளைப் பாருங்கள்.

ஒரு தடவை கிழக்குக் கடற்கரைப் பாதையில் எங்கள் ரயிலை நிறுத்திவிட்டார்கள், ராத்திரி முழுக்க ஸ்டேஷனில்தான். எங்கள் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தவர்கள் ஜார்கண்ட் பையன்கள், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். எங்களோடு வந்த அக்கா ஒருவர் அவர்களுக்குச் சாப்பாடு நீட்டினார், அதில் ஒரு பையன், வேண்டாங்க்கா, சாப்ட்டோம் என்று அழகான கொங்குத் தமிழில் பதில் சொன்னான். அவ்வளவுதான், விடிய விடியப் பேச்சு. எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், திருப்பூரில் ஒரே அறையில் எத்தனை பேர், காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள், அங்கே பேசத் தெரியாமல் என்ன செய்தீர்கள். நாங்கள் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்ப் பார்க்க நினைத்த மாவட்டத்து ஆட்கள், எங்கள் வீட்டிலிருந்து சில மணி நேர பஸ் தூரத்தில் வருஷக்கணக்காக இருந்திருக்கிறார்கள். அந்தப் பயணம் நடக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களைப் போன்றவர்களோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது, வாடகைச் சீட்டையும் சம்பளச் சீட்டையும் படித்துச் சொல்வது என்று எங்கள் வாலிபர்களில் சிலர் ஆரம்பித்த வேலை அந்த ராத்திரியில் தொடங்கியது.

இது எல்லாக் குழுவுக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்காமல் நடக்காது. செய்ய வேண்டியது சின்னது: குழுவில் இரண்டு பேர் மட்டும் டிக்கெட் வேலையைப் பார்க்கட்டும், மற்றவர்கள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு சுற்றிலும் பார்க்கட்டும். கைக்குழந்தையோடு ஒரு தாய் இருப்பார், வெந்நீர் வேண்டியிருக்கும். மொழி தெரியாமல் அறிவிப்பு புரியாமல் ஒரு தாத்தா இருப்பார். குழுவில் நர்ஸ் இருந்தால் அவருக்கு ராத்திரி முழுக்க வேலை இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நகர முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிற மனிதர்களை நம் கூட்டத்துக்குக் கிடைத்த ஜனங்கள் என்று எண்ணக்கூடாது. எழுந்து போக வழியில்லாதவர் முன் நின்று பிரசங்கம் பண்ணுவதும், பசியோடு இருப்பவர் கையில் சாப்பாட்டோடு கைப்பிரதியைத் திணிப்பதும் அன்பு இல்லை. உதவி செய்யுங்கள், கேட்டால் நாம் யார் என்று சொல்லுங்கள், கேட்காவிட்டால் ஜெபித்துக்கொள்ளுங்கள். பல மாநிலங்களில் மதமாற்றம் பற்றிய சட்டங்கள் இருக்கின்றன, ஒடிசாவில் 1967-லிருந்து, ஜார்கண்டில் 2017-லிருந்து. நாம் யோசிக்காமல் செய்கிற ஒன்றுக்கு, நாம் ஊருக்குத் திரும்பிய பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அங்கேயே குடியிருக்கிற ஊழியர்.

வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள். கொடுக்கத்தான் வந்தோம் என்ற எண்ணத்தில் கிளம்புகிற குழுவுக்கு இது கஷ்டமாக இருக்கும். பவுலின் கப்பல் உடைந்து மெலித்தா (இன்றைய மால்டா) தீவில் ஒதுங்கியபோது, மழையிலும் குளிரிலும் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொண்டது அந்தத் தீவு ஜனங்கள். பவுல் என்ன செய்தார்? விறகு பொறுக்கினார். தீவின் தலைவன் புபிலியுவின் தகப்பன் காய்ச்சலும் ரத்தபேதியுமாய்க் கிடந்ததும், பவுல் ஜெபித்துக் கைவைத்ததும், மூன்று மாதம் அங்கே தங்கியதும் அதற்குப் பிறகு வந்தவை. குருத்வாராவில் தங்க இடம் கொடுத்தால் தலைவணங்கி வாங்கிக்கொள்ளுங்கள், லங்கரில் (அங்கே எல்லாருக்கும் போடுகிற இலவசச் சாப்பாடு) சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவ ஆள் தேவைப்படும், அங்கே போய் நில்லுங்கள். டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்றால் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு அவருக்காக ஜெபியுங்கள்.

நீங்கள் போய்ச் சேராத ஊரில் என்ன நடக்கிறது

இதை யாரும் யோசிப்பதில்லை. நாம் வரவில்லை என்றால் அங்கே ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொள்கிறோம். பலமுறை நடப்பது வேறு. வி.பி.எஸ். எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வரவில்லை, பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்ற நிலையில், அந்த ஊர் வாலிபர்களே எழுந்து நிற்பார்கள். போன வருஷம் நாம் சொல்லிக்கொடுத்த பாட்டைத் தங்கள் மொழியில் மாற்றி, மாந்தர் என்கிற தங்கள் மேளத்தை அடித்து, ஃபிளாஷ் கார்டு இல்லாமல் மணலில் படம் போட்டுக் கதை சொல்வார்கள். நாம் இருந்தால் அந்தப் பெண்பிள்ளை பாய் விரித்துவிட்டு, மொழிபெயர்க்க மட்டும் நின்றிருப்பாள். நாம் இல்லாததால் அவள்தான் ஆசிரியை.

இப்படி நடந்தது என்று கேள்விப்பட்டால் மனதில் ஒரு சின்ன வலி வரும், நம்மை அவர்களுக்குத் தேவைப்படவில்லையே என்று. அந்த வலியை ஜெபத்தில் வைத்துவிட்டு, அடுத்த வருஷத் திட்டத்தை மாற்றுங்கள். அவர்களே நடத்தட்டும், நாம் சமைக்கவும் பிள்ளைகளை ஆற்றங்கரையிலிருந்து அழைத்துவரவும் போவோம். அல்லது அந்த ஆசிரியையைப் பயிற்சிக்கு அனுப்ப அந்த டிக்கெட் பணத்தைக் கொடுப்போம். பத்துப் பேர் போய் வருகிற செலவில் என்னென்ன செய்யலாம் என்று அந்த ஊழியரிடமே கேட்டுப் பாருங்கள்.

பெட்டி தொலைந்துபோனாலும் இதேதான். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவுக்காக லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியபோது, அந்தக் கப்பலை ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். இயந்திரம் எப்படியோ வந்து சேர்ந்தது, அதை ஓட்ட வந்த அச்சர் வழியிலேயே இறந்துபோனார். ஜெர்மனியில் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளோ அளவில் பெரியவை, காகிதம் பத்தவில்லை. வேறு வழியில்லாமல் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. எல்லாம் சரியாக வந்து சேர்ந்திருந்தால் எழுத்து வார்க்கிற வேலையை அன்றைக்கு யாரும் இங்கே கற்றிருக்க மாட்டார்கள்.

திரும்பிப் போக வேண்டி வந்தால்

சில நேரம் தொடரக்கூடாது. நோயாளியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள், ஊருக்கு வராதீர்கள் என்று பணித்தள ஊழியர் சொன்னால் அதற்கு மேல் வாதம் வேண்டாம். அருணாச்சல், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் போகிறவர்கள் உள்எல்லை அனுமதிச் சீட்டு (இன்னர் லைன் பர்மிட்) இல்லாமல் போய் எல்லையில் நின்று கெஞ்சுவதும் சாட்சியாகாது. வீட்டில் தனியாக விட்டுவந்த அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அந்தப் பிள்ளையை அடுத்த ரயிலில் ஏற்றிவிடுங்கள், கூட ஒருவரை அனுப்புங்கள். அவர் ஊழியத்தை விட்டு ஓடுகிறவர் இல்லை என்று மற்றவர்கள் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், அந்த வார்த்தை அவருக்கு ரொம்ப நாள் தேவைப்படும்.

மிஷனரி ஏமி கார்மைக்கேலைச் சீனாவுக்குப் போகவிடாமல் உடல்நிலையைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். 1893-ல் ஜப்பானுக்குப் போனார், அங்கேயும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. இலங்கை வழியாகப் பிரிட்டனுக்கே திரும்ப வேண்டி வந்தது. 1895-ல் பெங்களூருக்கு வந்ததும் உடம்புக்கு அந்த ஊர்க் காற்று நல்லது என்பதற்காகத்தான். அப்புறம் நெல்லைச் சீமைக்கு வந்து டோனாவூரில் 1901-லிருந்து பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர், 1951-ல் இறக்கும்வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. ஜப்பானிலிருந்து நோயாளியாகத் திரும்பிய அன்றைக்கு அவரைப் பார்த்த யாரும் இதை நினைத்திருக்க முடியாது, அவரும் நினைத்திருக்க மாட்டார்.

ஆசீர்வாதம் என்று எதைச் சொல்வது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் சபைகளில் சாட்சி சொல்லும்போது அவசரப்படுகிறோம்.

இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு மிஷனரியாக வந்த வில்லியம் கேரியின் கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் கிளம்பிய கதை பலருக்குத் தெரியாது. 1793-ல் அவரும் டாக்டர் ஜான் தாமஸும் கேரியின் மூத்த பையன் ஃபெலிக்ஸும் ஒரு கப்பலில் ஏறிவிட்டார்கள். மனைவி டொரோத்தி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவர் அப்போது கர்ப்பிணி. பிரான்சோடு போர் என்பதால் துணைக் கப்பல்களுக்காக இங்கிலாந்தின் வைட் தீவுக்குப் பக்கத்தில் கப்பல் வாரக்கணக்கில் நின்றது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி இல்லாமல் ஆள் ஏற்றியிருப்பதாகக் கப்பல் தலைவருக்கு எச்சரிக்கை வந்தது, தாமஸுக்குக் கடன்காரர்கள் வேறு. இறக்கிவிட்டார்கள். பெட்டிகளோடு கரையில் நின்றார்கள். அந்தத் தாமதத்தில்தான் டொரோத்திக்குக் குழந்தை பிறந்து, தன் தங்கையும் கூட வந்தால் வருகிறேன் என்று சம்மதித்தார். ஜூன் 13-ம் தேதி டென்மார்க் கப்பல் ஒன்றில் குடும்பமாகக் கிளம்பி நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

இதைப் பிரசங்கத்தில் சொன்னால் எல்லாரும் அல்லேலூயா சொல்வோம், குடும்பம் சேர்ந்து வந்ததே என்று. நானும் நன்றி சொல்கிறேன். ஆனால் டொரோத்திக்கு என்ன ஆயிற்று? அடுத்த வருஷமே ஐந்து வயதுப் பையன் பீட்டர் வங்காளத்தில் இறந்தான். அவருடைய மனநலம் குலைந்தது, 1807-ல் இறக்கும்வரை அது திரும்பவில்லை. கப்பல் தவறியதால் வந்த நன்மையைச் சொல்கிற வாய் அவரையும் சொல்ல வேண்டும்.

மிஷனரி அடோனிராம் ஜட்சனும் அவர் மனைவி ஆனும் அப்படித்தான். அமெரிக்காவிலிருந்து 1812-ல் கல்கத்தா வந்தவர்களைக் கம்பெனி வெளியேறச் சொன்னது. மொரீஷியஸ் போனார்கள், அங்கேயிருந்து 1813 ஜூனில் நம் சென்னைக்கு வந்தார்கள், இங்கேயும் பிடித்து நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பினாங்குக்குக் கப்பல் இல்லை, துறைமுகத்தில் கிடைத்தது ரங்கூனுக்குப் போகிற ஒரே ஒரு பழைய கப்பல். ஏறினார்கள், ஜூலை 13-ல் ரங்கூன். வேதாகமம் முழுவதும் பர்மிய மொழியில் 1834-ல் மொழிபெயர்க்கப்பட்டு முடிந்தது அந்தக் கப்பலால்தான் என்று சொல்லலாம். அதே கப்பலில் ஆனுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது.

அதனால் நான் குழுக்களுக்குச் சொல்வது இது. கிடைத்த நன்மைக்கு நன்றி சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இந்த நன்மைக்காகத்தான் அந்த இழப்பு வந்தது என்று இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள், இழந்தவர் தானே ஒருநாள் அப்படிச் சொன்னால் தவிர. சில பயணங்களில் நன்மை எதுவும் கண்ணில் படாது. ஸ்டேஷனில் யாரும் பேச மாட்டார்கள், பணம் பாதிதான் திரும்பும், பணித்தளத்திலும் கூட்டம் நடந்திருக்காது. அந்தப் பயணத்தையும் அப்படியே ஆண்டவரிடம் ஒப்படைக்கலாம். விளக்கம் கிடைக்காமலேயே அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்காருகிறாரே, அவருடைய விசுவாசத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

ஊருக்கு வந்த பிறகு

முதல் வாரத்திலேயே குழுவை ஒரு வீட்டில் கூட்டி, ஒவ்வொருவரும் தான் பார்த்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லட்டும். என்ன நடந்தது என்று கேட்டால் ரயிலைப் பற்றியே பேசுவார்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் அவரவர் மனதில் தங்கிய ஆட்கள் வெளியே வருவார்கள். சிறுவர்களையும் பேசவிடுங்கள், அவர்கள் நாம் கவனிக்காததைப் பார்த்திருப்பார்கள். தடைக்கு என்ன காரணம் என்ற பேச்சை இப்போது எடுக்கலாம், அதற்குள் பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே தேவைப்படாது.

சபையில் சாட்சி சொல்லும்போது நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஸ்டேஷனில் சந்தித்தவர்களின் பெயர், போட்டோ, ஊர் எதையும் திரையில் போட வேண்டாம், அவர்களிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. அவர்களில் யாருடைய எண்ணாவது கையில் இருந்தால், போய்ச் சேர்ந்தீர்களா என்று ஒரு போன் போடுங்கள். அந்த ஒரு போனில் ஆரம்பிக்கிற உறவுகள் உண்டு.

கணக்கு எழுதுங்கள். எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு போய்விட்டது, பணித்தளத்துக்கு என்ன அனுப்பினோம் என்று ஒரே தாளில் எழுதி, கொடுத்தவர்கள் எல்லாருக்கும் காட்டுங்கள். மீதிப் பணத்தை அடுத்த பயணத்துக்கு வைப்பதா, அங்கேயே அனுப்புவதா என்று அவர்களிடமே கேளுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்வார்கள். வாங்கிய ஸ்வெட்டர் மூட்டையை அடுத்த பயணத்துக்கு என்று பரணில் ஏற்றிவிட வேண்டாம். தபால் பார்சலில் அந்த வாரமே போட்டுவிடுங்கள், ஜனவரிக் குளிருக்கு முன்னால் போய்ச் சேரட்டும். அடுத்த வருஷத்துக்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், அளவு பத்தாது.